தண்ணீர் தெளித்தவன்

சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு வருவதற்குள் ஸ்டோர்க்காரருக்கு மறுபடியும் இருமல் வந்துவிட்டது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். இருமல் நின்றதும் அவருடைய மைத்துனன் 'சுண்ணாம்பு'தான் மீதிப் பொத்தான்களைப் போட்டுவிட்டான்.

"விடு மாப்ளே, நான் என்ன கைக்குழந்தையா?"

"சட்டை இல்லாம எப்படி மாமா ஆஸ்பத்திரிக்குப் போறது?"

"யாரு ஆஸ்பத்திரிக்கு... வர்றதாச் சொன்னது? தொண்டையில... லேசாக் கரகரப்பு."

காலை பத்தரை மணியிலிருந்து இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். காலையில் ஒரே மூச்சில் சொன்னார். மத்தியானம் சாப்பிடும்போது இடையில் ஒரு முறை நிறுத்தினார். இப்போது மணி நான்கு. இந்தச் சின்ன வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கவேண்டியிருந்தது. சுண்ணாம்பு அதை எண்ணிக்கொண்டே இருந்தான். எண்ணியதைத் தவிர உருப்படியாக வேறெதையும் அவன் இன்னும் செய்திருக்கவில்லை.

சுண்ணாம்பு என்பது மாமா வைத்த பெயர். அக்காவின் புருஷனுக்கு இருக்கிற உரிமையில் வைத்தது. இருபது வருடம் வீடு வீடாக வெள்ளையடித்தவன் அவன். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போனபிறகு இரண்டு வருடம் குடித்தே கழித்தான். கடைசியில் மாமாதான் தான் வேலை பார்த்த சாயப்பட்டறையின் ஸ்டோரில் அவனைச் சேர்த்துவிட்டார். சேர்ந்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

அடுப்படியில் அக்கா மூன்றாவது தடவையாக வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டறையில் கொஞ்சம் புகை, அவ்வளவுதான் என்று இருவரும் அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

"போனா என்ன ஆச்சுன்னு கேப்பாங்க," என்றார் ஸ்டோர்க்காரர், குரலைத் தாழ்த்தி. "எழுதுவாங்க. பட்டறைக்குப் போன் பண்ணுவாங்க. உனக்கு இன்னும்... வேலைகூட நிரந்தரமாகலை. தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும்."

"தூக்கினா உங்க அக்காவை... யாரு சமாளிக்கிறது?"

சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக மாறிற்று. கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு அதற்கப்புறம் அவரைக் கேட்கவில்லை. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, தன் விந்துகிற காலோடு வாசலுக்கு நடத்திப்போய், தெருவில் போன முதல் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினான்.

வண்டிக்குள் அவனுக்குக் காலையில் நடந்ததெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது.

ஸ்டோரின் மூலையில் பன்னிரண்டு டிரம் ஹைட்ரோ இருந்தது. துணியில் ஏறிய சாயத்தை இறக்குகிற வெள்ளைப் பொடி. பார்க்க மாவு மாதிரி சாதுவாக இருக்கும். முதல் நாளே மாமா அவனை அதற்கு முன்னால் நிறுத்திப் பாடம் நடத்தியிருந்தார். நிறையத் தண்ணீரில் இந்தப் பொடியைப் போட்டால் கரைந்துவிடும்; பொடியின் மேல் கொஞ்சம் தண்ணீர் பட்டால் சூடேறிப் புகையும், எரியும். புகை நெஞ்சுக்குள் போனால் உடனே தெரியாது, மணிக்கணக்கு கழித்து நுரையீரலில் நீர் கட்டும். ஸ்டோர் சுவரில் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தார்: 'புகை பட்டவர், நலமாக இருந்தாலும், உடனே மருத்துவமனை செல்லவும்.' 'நலமாக இருந்தாலும்' என்பதற்கு மட்டும் இரண்டு கோடுகள்.

பன்னிரண்டில் ஒன்று நசுங்கின டிரம். அதற்கு நேர் மேலே கூரை ஒழுகும். மூன்று தடவை மேனேஜரிடம் சொல்லியாயிற்று. முந்தின நாள் மழையில் மூடி இடுக்கு வழியாக ஈரம் இறங்கிப் பொடி கட்டிதட்டியிருந்தது. காலையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த மாமா, வாசலிலிருந்து போன் செய்தார். பின்னால் பாய்லர் இரைந்தது.

"மாப்ளே, எல்லா டிரம்மையும் பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா. அந்த நசுங்கினது கட்டியாயிருக்கு. என்ன பண்ணட்டும்?"

"அதுக்குத் தண்ணி தெளிச்சு விட்டுடு. மத்ததைப் பாரு."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்கும். அது தேறாது, கைகழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார் என்று அர்த்தம். சுண்ணாம்புக்கும் அந்தப் பேச்சு தெரியாததல்ல. ஆனால் கட்டியாகிப்போன வெள்ளைப் பொடியின் முன்னால் நின்றுகொண்டு கேட்டான். இருபது வருடமாகக் கட்டிச் சுண்ணாம்பைத் தண்ணீர் தெளித்து நீற்றியே பழகிய கை அவனுடையது. தண்ணீரே கூடாதென்றாரே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. கெட்டுப்போன சரக்குக்கு வைத்தியம் வேறாக இருக்கும்போல, பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று மூடியைத் திறந்து ஒரு குவளை தெளித்தான்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பொடி ஒரு இடத்தில் மஞ்சளாயிற்று. உஸ்ஸென்று ஒரு சத்தம். தீக்குச்சிக் கட்டையே மூக்குக்குள் கொளுத்திப்போட்டது மாதிரி நெடி. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போதே மாமா ஓடிவந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளினார்.

"காத்து வர்ற பக்கமாப் போய் நில்லு! பொம்பளைங்களை எல்லாம் வெளிய அனுப்பு!"

அடுத்த அறையில் இருபத்தைந்து பெண்கள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். புகைக்கு முகமூடி ஒன்று அலமாரியில் இருந்தது. சாவி மாமாவின் இடுப்பில். எடுத்து மாட்ட அரை நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்திலிருந்த மற்ற பதினோரு டிரம்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்த அரை நிமிடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. புகைகிற டிரம்மைத் தள்ளுவண்டியில் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்முற்றத்து வெட்டவெளிக்கு உருட்டிப்போனார்.

எல்லாம் அடங்கியபிறகு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு கேட்டார், "ஏன்டா, தண்ணி தெளிச்சு விடுன்னா நிஜமாவே தெளிப்பியா?" சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுண்ணாம்பும் சிரித்தான். அப்படிச் சிரித்ததைத்தான் இப்போது அவனால் தாங்கமுடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழாயை நெஞ்சில் வைத்த மறுகணமே ஆக்ஸிஜன் கொண்டுவரச் சொன்னாள்.

"என்ன புகை?"

கட்டிலில் இருந்த கை சுண்ணாம்பின் மணிக்கட்டைப் பிடித்தது. அவன் அதை விலக்காமலே சொன்னான்.

"ஹைட்ரோங்க. சாயப்பட்டறைப் பொடி. தண்ணி பட்டுப் புகைஞ்சிடுச்சு."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

டாக்டரம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். "ஆறு மணி நேரத்துக்கு மேல என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

அவள் கேட்டபடி விவரத்துக்காகப் பட்டறைக்குப் போன் செய்தான். அரைமணியில் மேனேஜரே நேரில் வந்து நின்றார். எப்படித் தண்ணீர் பட்டது என்று அவர் கேட்டதும் ஸ்டோர்க்காரர் முகத்திலிருந்த மாஸ்க்கைக் கையால் நகர்த்தினார்.

"என்னாலதான்... சார். என் கவனக்குறைவு."

"நீங்களா? நீங்களா தண்ணி விட்டீங்க?"

தலையை ஆட்டினார். மேனேஜர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சுண்ணாம்பு வாயைத் திறந்தான். மணிக்கட்டில் இருந்த பிடி இறுகிற்று. அத்தனை மூச்சிரைப்பிலும் அந்தக் கையில் எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ. அவன் வாயை மூடிக்கொண்டான்.

விடிந்தது. ஏழேகால் மணிக்கு அக்கா அவர் கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனாள்.

பத்து மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கூடத்தில் கட்டிலைப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பட்டறையிலிருந்து துணி மடிக்கிற பெண்கள் மொத்தமாக வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் அழுதுகொண்டே, "எங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு உள்ள போனாரே," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவருடைய நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். ஒதுக்கியது மறுபடியும் விழுந்தது.

மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் அருகில் குனிந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாதும்மா. ஆனா விபத்து அறிக்கை இன்னிக்கே போகணும். அவர் வாயால சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"படிங்க," என்றாள் அக்கா.

"அது எதுக்கும்மா இப்ப..."

"படிங்க சார்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஸ்டோர் பொறுப்பாளர், பாதுகாப்பு விதியை மீறி, தாமே பொடியின் மீது தண்ணீர் தெளித்ததால்..."

"நிறுத்துங்க." அக்கா எழுந்துவிட்டாள். "யாரு? இவரா தண்ணி தெளிச்சார்? இருபத்திரண்டு வருஷம் சார்! குளிச்சிட்டு வந்தா தலை காயாம ஸ்டோருக்குள்ள கால் வைக்கமாட்டார். மழைக்காலத்துல ரெண்டாவது சட்டையைப் பையில வச்சுக்கிட்டுப் போவார். எங்க வீட்டு ஊறுகா பாட்டில்ல ஈரக்கரண்டி பட்டாக்கூட ரெண்டு நாள் என்கிட்ட பேசமாட்டார்! அவரைப் பார்த்துக் கவனமில்லாதவர்னு எழுதுவீங்க, அதுல நான் கையெழுத்துப் போடணுமா?"

"அவரே சொன்னதும்மா..."

"சொல்லியிருப்பார். எவனையோ காப்பாத்தச் சொல்லியிருப்பார். அவர் புத்தி எனக்குத் தெரியாதா? அந்தப் பாவி யாருன்னு கண்டுபிடிச்சு அவன் பேரை எழுதுங்க." சட்டென்று திரும்பினாள். "டேய், நீ அங்கதானே இருந்தே. சொல்லுடா. யாரு தெளிச்சது?"

சுண்ணாம்பு கதவோரம் நின்றிருந்தான். மேனேஜர் பார்த்தார். இருபத்தைந்து பெண்களும் பார்த்தார்கள். ஒரு தலையாட்டல் போதும், தெரியாது அக்கா என்று ஒரு வார்த்தை போதும். மாமா போட்டுவைத்த வழி அப்படியே திறந்துதான் கிடந்தது. வேலை இருக்கும், சோறு இருக்கும், அக்கா இருப்பாள். செத்தவர் பேர் மட்டும் அந்தக் காகிதத்தில் கெட்டுப்போய்க் கிடக்கும்.

"நான்தான் அக்கா."

அவளுக்கு விளங்கவில்லை. "என்ன நீதான்?"

"தண்ணி தெளிச்சது நான்தான். மாமா போன்ல அந்த டிரம்முக்குத் தண்ணி தெளிச்சு விட்டுடுன்னார். நான் நிஜமாவே... தெளிச்சுட்டேன். எனக்கு வேலை போயிடும்னு உடனே ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன்னுட்டார். சாயங்காலம் வரைக்கும் நானும் சும்மா இருந்தேன். கூட்டிட்டுப் போகாம வாசலுக்கும் கூடத்துக்குமா நடந்துக்கிட்டு இருந்தேன் அக்கா."

சுவரோரம் அழுதுகொண்டிருந்தவள்கூட நிறுத்திவிட்டாள். அவன் மேனேஜரைப் பார்த்துத் திரும்பினான்.

"என் பேரை எழுதுங்க சார். கூடவே கூரை ஒழுகுறதையும் எழுதுங்க. மூணு தடவை உங்ககிட்ட சொன்னார். அந்த ஈரம் நான் ஊத்தினது இல்லை."

மேனேஜர் காகிதத்தை மடித்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

"இப்பவே எழுதணும் சார். இவர் இங்க இருக்கிறப்பவே."

துணி மடிக்கிற பெண்களில் வயதானவள் எழுந்து வாசல்பக்கம் போய் நின்றுகொண்டாள். அவளைத் தாண்டி வெளியே போவது மேனேஜருக்குக் கஷ்டமாக இருந்திருக்கவேண்டும். உட்கார்ந்தார். முழங்காலில் காகிதத்தை வைத்து அடித்து எழுதினார். சுண்ணாம்பு கையெழுத்துப் போட்டான். அக்காவும் வாங்கி முழுதும் படித்துவிட்டுப் போட்டாள்.

அதன்பிறகு அவள் தம்பியின் பக்கமே திரும்பவில்லை. கட்டிலின் தலைமாட்டில் பழையபடி உட்கார்ந்தாள். அவர் நெற்றி முடியை மறுபடி ஒதுக்கியபடியே தம்பியிடம் சொன்னாள்.

"நம்ம வீட்ல அத்தனை பேரும் உனக்குத் தண்ணி தெளிச்சு விட்டாங்க. நானும்தான் விட்டேன். இந்த மனுஷன் ஒருத்தர்தான் விடலை."

சுண்ணாம்பு அடிவாங்கினவன்போல நின்றான். அவள் கை ஓங்கி இரண்டு போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வெளியே போய்விடலாமா என்று நினைத்தான். போவதற்கு எந்த இடமும் தோன்றவில்லை.

சுடுகாட்டுக்குப் போகிற வண்டி வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான்கு பேர் உள்ளே வந்தார்கள். பட்டறை பாய்லர்க்காரர் தலைமாட்டுக்குப் போய்த் தோள்களுக்கடியில் கைகொடுக்கக் குனிந்தார். அக்கா அவர் கையைத் தொட்டுத் தடுத்தாள்.

"நீங்க கால்பக்கம் வாங்க அண்ணே."

பிறகு கதவோரம் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. அவனுடைய பழுதான முழங்காலைப் பார்த்தாள்.

"தலைப்பக்கம் கனமா இருக்கும். காலை நல்லா ஊனிக்கிட்டுத் தூக்கு."

சுண்ணாம்பு வந்து குனிந்தான்.