ஓடச் சொன்னவர்

கல்லூரியில் எல்லோரும் அவரை ஃபேன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாடியிலும் சுற்றாத ஃபேன், எரியாத டியூப்லைட், ஷாக்கடிக்கும் சுவிட்ச் எல்லாம் அவர் பொறுப்பு. காண்ட்ராக்ட் ஆள். நாற்பது வயது, ஒல்லி. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் மகளை அதட்டிக்கொண்டே படியேறுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சமூகவியல் மேடம் அவரை ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னார்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு என் கிளாஸுக்கு வரணும். மேசை மேல என் பை இருக்கும். ஒண்ணும் பேசாம எடுத்துக்கிட்டு ஓடிடணும்."

"எதுக்கு மேடம்?"

"பசங்க பார்த்ததை எழுதணும். கண்ணு பார்க்கறது பாதி, மனசு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருக்கறது பாதி. 'கண்ணால் காண்பதும் பொய்'னு போர்டுல எழுதிப் போட்டா கொட்டாவி விடறாங்க. அவங்க கையெழுத்துலயே காட்டினாத்தான் உறைக்கும்."

ஃபேன்காரர் காதைச் சொறிந்தார். "நடந்து போறேனே மேடம். நான் ஓடினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

மேடம் சிரித்துவிட்டார். "நடந்து போனா திருட்டு மாதிரியா இருக்கும்? வராண்டா முனை வரைக்கும் ஓடுங்க, போதும். நான் பின்னாடியே வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அந்தக் கல்லூரியில் அவரை 'வாங்க, போங்க' என்று பேசும் இரண்டு மூன்று பேரில் மேடம் ஒருவர். அவர் கேட்டதைத் தட்ட ஃபேன்காரருக்கு மனம் வரவில்லை. சரி என்றார். மேடம் வேறு யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் காதுக்குப் போனால் நானூறு பேர் காதுக்குப் போய்விடும் என்று பயந்தார்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு ஃபேன்காரர் வந்தார். முப்பத்தெட்டு பேர் இருந்த வகுப்பு. நேராக மேசைக்குப் போய்ப் பையை எடுத்தார். கூச்சத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது. சட்டைப் பையில் இருந்த, ஸ்க்ரூடிரைவர் மாதிரியான டெஸ்டரை எடுத்து வைக்க மறந்திருந்தார். ஓடும்போது அது விழாமல் இருக்கக் கையில் எடுத்துக்கொண்டார்.

மேடம் போட்டிருந்த கணக்குப்படி பிள்ளைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து வாலிபால் கேப்டன் எகிறிக் குதித்தான்.

"திருடன்டா! புடிங்கடா!"

பெஞ்சு கவிழ்ந்தது. பத்துப் பதினைந்து பேர் ஒரே வாசலில் முட்டி மோதி வெளியே பாய்ந்தார்கள். "உட்காருங்க! எல்லாரும் உட்காருங்க!" என்று மேடம் கத்தியது அவர் காதுக்கே கேட்கவில்லை.

ஃபேன்காரர் சொன்ன சொல் தவறாமல் வராண்டா முனையில் நின்றார். திரும்பி, பையை நீட்டினார். கேப்டன் ஓடி வந்த வேகத்தில் தோளால் இடித்தான். தலை சுவரில் மோதியது. கால் தடுக்கி ஆறு படி உருண்டு, படிக்கட்டுத் திருப்பத்தில் போய் விழுந்தார். எழ முயன்றவரின் விலாவில் முதல் உதை விழுந்தது. அதன் பிறகு எண்ண முடியாது. அடுத்த வகுப்புகளின் கதவுகள் திறந்து, என்ன ஏது என்று தெரியாதவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தர்ம அடிக்கு அழைப்பிதழா வேண்டும்? ஒருவன் பெல்ட்டைக் கழற்றிக் கொக்கி இருந்த பக்கத்தால் வீசினான். ஒருவன் உடைந்த நாற்காலிக் காலோடு வந்தான். முந்தின வாரம்தான் ஃபேன்காரர் விடுதியில் அவன் அறைக்குப் புது சுவிட்ச் மாட்டிக் கொடுத்திருந்தார். டெஸ்டரைப் பிடித்திருந்த கையை இன்னொருவன் குதிகாலால் மிதித்தான். விரல் முறிந்தது, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி.

"மேடந்தான்... மேடம் சொன்னாங்க..."

"மேடத்தையா இழுக்கற, நாயே?" வாயில் உதை விழுந்தது. அதற்கு மேல் பேச்சு வரவில்லை, ரத்தம்தான் வந்தது.

அலுவலக எழுத்தர் கீழிருந்து ஏறி வந்தார். ஒன்றும் கேட்காமல் தன் பங்குக்கு இரண்டு சாத்து சாத்திவிட்டு, "போலீஸுக்குச் சொல்லுங்கப்பா" என்று கையைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மேடம் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து ஃபேன்காரர் மேல் விழுந்து மூடினார். அவர் முதுகிலும் ஓர் உதை விழுந்தது. அப்போதுதான் கால்கள் நின்றன.

"நான்தான் சொன்னேன்! நான்தான்டா எடுக்கச் சொன்னேன்! பாடம்டா இது!"

கேப்டன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "என்ன மேடம் சொல்றீங்க?" என்றான். அவன் வெள்ளை ஷூவின் முன்பகுதி சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

தாடை எலும்பு, மூன்று விரல்கள், இடது கண். கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவமனையில் அன்று மாலையே சொல்லிவிட்டார்கள்.

போலீஸ், வகுப்பில் இருந்த எல்லோரிடமும் நடந்ததை எழுதி வாங்கியது. இரண்டு நாள் கழித்து மேடத்தை ஸ்டேஷனுக்கு வரவழைத்த இன்ஸ்பெக்டர் அந்தத் தாள்களை மேசை மேல் விரித்தார்.

"இருபத்தாறு பேர் கத்தி வெச்சிருந்தான்னு எழுதியிருக்காங்க. ஒன்பது பேர் உங்களைக் குத்த வந்தான்னு எழுதியிருக்காங்க. இத்தனை பேருமா பொய் சொல்வாங்க?"

"பொய் இல்ல சார். அவங்க பார்த்தாங்க."

"அப்ப கத்தி இருந்துச்சா?"

"இல்ல. டெஸ்டர். சுவிட்ச்ல கரண்ட் இருக்கான்னு பார்க்கறது."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா, என்னைக் குழப்பறீங்களே."

ஒரே ஒரு தாளை மேடம் எடுத்து இரண்டு முறை படித்தார். முன்வரிசைப் பெண் எழுதியது. 'அவர் பையை எடுக்கும்போது சிரித்தார். எங்கள் லேபில் ஃபேன் மாட்டியவர் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை.'

கல்லூரியில் முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டு வேறொரு தாளை நீட்டினார். ஃபேன்காரர் தானாகவே வந்து பையை எடுத்தார் என்று மேடம் கையெழுத்துப் போட்டால் போதுமாம். "பசங்க எதிர்காலம்மா. அந்த ஆளுக்கு வைத்தியம் நாம பார்த்துக்கலாம்." மேடம் அதைக் கிழித்து அவர் மேசை மேலேயே போட்டுவிட்டு வந்தார். அன்றே தற்காலிக நீக்கக் கடிதம் வந்தது. இன்ஸ்பெக்டரிடம் உள்ளதை உள்ளபடி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

மருத்துவமனை வார்டில் ஃபேன்காரரின் மனைவி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். தையல் கூடத்திலிருந்து வந்தவள், கையில் இன்னும் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம். அத்தனை பெரிய காலேஜ்ல உங்களுக்கு இவருதான் கெடைச்சாரா? அந்த லைப்ரரி சார் இல்லையா? இன்னொரு வாத்தியார் இல்லையா?"

மேடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னார்.

"லைப்ரரி சாரைத்தான் முதல்ல நெனைச்சேன். அவரு ஓடினா யாரும் திருடன்னு நம்ப மாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

அறை விழுந்தது. மேடத்தின் கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டாவது அறை காதோடு சேர்த்து விழுந்தது. நர்ஸ் ஓடி வந்து அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். "விடு சிஸ்டர்! படிச்சவங்களாம்! பாடம் நடத்தறாங்களாம்!" மேடம் நகரவில்லை. கட்டுகளுக்கு நடுவே இருந்த ஒற்றைக் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. கேப்டனும் இன்னும் நாலு பேரும் எழுத்தரும் கூண்டில் நின்றார்கள். மேடம் முதல் சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல், "குற்றத்தைத் தூண்டினது நீங்கதானே?" என்று மடக்கினார். "ஆமா," என்றார் மேடம். வக்கீலுக்கு அடுத்த கேள்வி மறந்துபோனது.

பிறகு ஃபேன்காரரைக் கூப்பிட்டார்கள். "அடிச்சவங்களை அடையாளம் காட்ட முடியுமா?"

அவர் ஒற்றைக் கண்ணால் ஆறு பேரையும் மெதுவாகப் பார்த்தார். தாடை சரியாகக் கூடவில்லை, பேச்சு குழறியது.

"மொகம் தெரியாதுங்க. நான் கீழ கெடந்தேன். ஷூதான் தெரியும்."

வரிசையாகச் சொன்னார். வெள்ளையில் நீலக்கோடு. கறுப்பு, இடதுகாலில் லேஸ் கிடையாது. பழுப்புத் தோல், குதியில் ஆணி. ஒரு செருப்பு, வார் தைத்தது. போலீஸ் கைப்பற்றி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுத்தர் தலையைத் தொங்கப் போட்டார்.

ஆறு பேருக்கும் தண்டனை கிடைத்தது. கேப்டனுக்கு மூன்று வருடம். தீர்ப்பு நாளன்று வேனில் ஏற்றுவதற்கு முன் அவன் போலீஸ்காரரிடம் கெஞ்சி, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த ஃபேன்காரரை நோக்கி இரண்டடி வந்தான்.

"அண்ணே..."

ஃபேன்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சின் மூலைக்குள் ஒடுங்கினார். மனைவி குறுக்கே வந்து நின்றாள். கேப்டன் அங்கேயே நின்றான், கை விலங்கோடு. போலீஸ்காரர் அவன் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

வேன் போன பிறகும் ஃபேன்காரர் கையை எடுக்கவில்லை. "போயிட்டான்யா, போயிட்டான்," என்று மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எதிர் பெஞ்சில் மேடம் எழுந்து நின்றார். கிட்டே போகலாமா என்று தெரியாமல், நின்ற இடத்திலேயே நின்றார்.