பெயர் ஒட்டாத ஒயர்

கிஷன் கார்ச் சாவியைத் திருப்பினான். காடி டிக்கென்று ஒரு சத்தம் போட்டது. மறுபடி திருப்பினான். இந்தத் தடவை அந்தச் சத்தமும் வரவில்லை.

"பேட்டரி செத்து…" என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பேட்டரில கரண்ட் இல்ல, அத்தே."

சன்னலுக்கு வெளியே பிரமிளா நின்றிருந்தாள். கிஷனின் மாமா, அவள் கணவர் குணாளன், இரண்டாம் மாடியில் நெற்றி நிறையத் திருநீற்றோடு கிடத்தப்பட்டிருந்தார். ஞாயிறு மாலை காடியைப் படிக்கட்டு வாசலில் நிறுத்திவிட்டு மேலே போனவர். திங்கள் விடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. இன்று, செவ்வாய்க்கிழமை, சவ வண்டி வந்து நிற்க வேண்டியதும் அதே இடத்தில்தான்.

மேலேயிருந்து நாத்தனார் தேன்மொழி இறங்கி வந்தாள். "அண்ணி, நீங்க ஏன் கீழ நிக்கிறீங்க? வந்தவங்க கேக்குறாங்க. அண்ணன் பக்கத்துல வந்து உக்காருங்க."

"இது ஏன் இப்படி ஆச்சுன்னு பாத்துட்டு வர்றேன்."

"இப்ப காடியா முக்கியம்?"

முக்கியமா என்று பிரமிளாவுக்கே தெரியவில்லை. ஆனால் அது அவளை விடவில்லை. கேமரா, போன் சார்ஜர், குட்டி விசிறி, டாஷ்போர்டுப் பிள்ளையாரின் சிவப்பு விளக்கு என்று குணாளன் தன் கையாலேயே மாட்டிய எல்லாமே சாவிக்குக் கட்டுப்பட்டவை. சாவி போட்டால் எரியும், எடுத்தால் அணையும். "காடி தூங்குறப்ப ஒருத்தன் முழிச்சிருந்தாலும் காலைல மொத்தக் குடும்பமும் எந்திரிக்காது" என்பார். அவருடைய காடியில் யார் முழித்திருந்தது?

"மாமா மாட்டுன ஏதோ ஒரு ஒயர் கரண்ட குடிச்சிருக்கு" என்றான் கிஷன். "தேட நேரமில்ல. மொத்தமா வெட்டி விட்டுர்றேன். இல்லன்னா சுடுகாட்டுல போய் நின்னுரும்." பிளையர் அவன் கையில் தயாராக இருந்தது.

"என்னன்னு தெரியாம வெட்டாத."

கீழ்வீட்டு அப்துல் ரஹீம் ஜம்பர் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "எனக்கு எத்தன தடவ குணா ஸ்டார்ட் போட்டு விட்டிருப்பாரு. 'பாய், உங்க காடிக்கு ஓய்வூதியம் குடுங்க'ன்னு கேலி வேற. இன்னிக்கு என் காடி அவரு காடிக்குக் குடுக்குதுலா." சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டு கவ்விகளை இரண்டு காடிகளின் பேட்டரியிலும் மாட்டினார்.

கிஷன் சாவியைத் திருப்ப, எஞ்சின் ஓடத் தொடங்கியது. விசிறி சுழன்றது, பிள்ளையார் சிவந்தார்.

"ஐயோ, சாமி விளக்கு" என்றாள் தேன்மொழி. "துக்க வீட்டுல எரியக் கூடாதுடா. மூடு."

கிஷன் கைக்குட்டையால் பிள்ளையாரை மூடினான். இப்போது கைக்குட்டை சிவந்தது. தேன்மொழி தலையில் அடித்துக்கொண்டு மேலே போனாள்.

கிஷன் காடியை வேலியோரம் கொண்டுபோய், எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினான். பிரமிளா இடப்பக்கக் கதவைத் திறந்து தன் இருக்கையில் உட்கார்ந்தாள். வழக்கம்போல் செருப்பு தானாகக் காலைவிட்டு நழுவியது. குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் பார்த்தாள். கறுப்பு ஒயர்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் எழுதி ஒட்டிய துண்டுக் காகிதம்: கேமரா, விசிறி, பிள்ளையார். ஒரு வெள்ளை ஒயரில் மட்டும் பெயர் இல்லை. அது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியிலிருந்து புறப்பட்டு, காலடி விரிப்புக்குக் கீழே புகுந்து, அவள் பக்கமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் தலையை உள்ளேயும் காலை வெளியேயும் வைத்துக் கிடந்தார். தேநீர் கொண்டுவந்தவள், "காடிய விட்டுட்டு என்னையும் ஒருநாளு ரிப்பேர் பாருங்க" என்றாள்.

"இன்னும் பாதி இருக்கு. முடியட்டும், காட்டுறேன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எல்லாம் சரியாத்தான் ஓடுது" என்றான் கிஷன். "இப்ப சாவிய எடுத்துப் பாக்குறேன்."

எடுத்தான். விசிறி நின்றது. கைக்குட்டைக்குள் சிவப்பு அணைந்தது. கறுப்புப் பெட்டிக்குள் ஏதோ சொடுக்கியது, அவள் பாதங்களின் மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

கிஷன் எட்டிப் பார்த்தான். அவள் பக்கத்து டாஷ்போர்டுக்கு அடியில் கட்டைவிரல் அளவு பல்பு ஒன்று.

"இவன்தான் ஆளு. மாமா அந்த ரிலே பெட்டிய தலகீழா மாட்டிட்டாரு, அத்தே. சாவி போட்டா அணையுது, எடுத்தா எரியுது. ரெண்டு ராத்திரியா எரிஞ்சிருக்கு. மாமா போயி இப்படித் தப்புப் பண்ணுவாரா?"

பிரமிளா பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து அவரோடு வரும்போது, கடல் பாலம் ஏறியதும் காலைத் தூக்கி இருக்கையில் மடக்கிக்கொள்வாள். வீடு வந்து சாவியை எடுத்ததும் உள்ளே கும்மிருட்டாகிவிடும். கால்விரலால் துழாவுவாள். ஒரு செருப்பு கிடைக்கும், மற்றது இருக்கைக்கு அடியில் போயிருக்கும். அவள் பையைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே நிற்பார்.

"கெடச்சுதா?"

"இருங்க."

"இந்நேரம் இன்னொரு பாலமே கட்டியிருப்பாங்க."

"தப்பில்ல, கிஷன். சாவிய எடுத்தப்புறந்தான் இது எரியணும்" என்றாள் பிரமிளா.

"இல்லத்தே, எரிஞ்சுக்கிட்டே இருந்தா பேட்டரி தாங்காது. கொஞ்ச நேரத்துல தானா அணையுற மாதிரி ஒண்ணு சேத்திருக்கணும்."

"பாதி இருக்குன்னாரு."

படிக்கட்டு வாசலில் சவ வண்டி பின்புறமாக வந்து நின்றது. மேலே சங்கு ஊதினார்கள். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தேன்மொழி, "அண்ணி" என்று கூப்பிட்டாள்.

கிஷன் பிளையரை விரித்தான். "வெட்டிடவா?"

"ரஹீம் பாய் வர்றாருல்ல நம்ம பின்னாடி?"

"வர்றாரு."

"அந்தக் கேபிள எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிளையரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாயைத் தேடிப் போனான்.

ஒரு செருப்பு காலடியிலேயே கிடந்தது. மற்றதன் வார் மட்டும் இருக்கைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. பிரமிளா அதைக் கால்விரலால் இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்துமுன் ஒருமுறை குனிந்தாள். வெறும் காலடி விரிப்பின்மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.