உடலைச் சட்டப்படி உடைமையில் வைத்திருப்பவர்

மனிதன் சட்டம் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை காலத்தையே நிறுத்திவைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். அது மெய்க்கொடைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு. நிறுத்திய இடம் என்னவோ இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள ஒரு மாடி வீடு மட்டுந்தான். அந்த வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பது பதினோரு வருஷம் நீடித்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்தால் புதன், வியாழன், அடுத்த மாதம், அடுத்த தேர்தல் எல்லாம் வரிசை தவறாமல் வந்துகொண்டிருந்தன. படியேறி உள்ளே போனால் சன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் அதே இடத்தில் விழுந்திருக்கும். அடுப்பில் பால் பாத்திரத்தின் விளிம்புவரை பொங்கி வந்து, வழியலாமா என்று கேட்பதுபோல அப்படியே நின்றிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இறந்தவர் மெய்க்கொடை மன்றத்தின் தலைவர். இறந்தபின் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுங்கள் என்று இருபத்தெட்டு வருஷம் ஊர் ஊராகப் பேசியவர். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியவர். அவருடைய பேச்சில் மூன்று விசேஷங்கள் உண்டு என்பார்கள். நீளம், மறுபடி நீளம், அப்புறம் சாக்ஸ். எந்த வெயிலிலும் அவர் முழங்கால் எட்டும் கறுப்புச் சாக்ஸ் இல்லாமல் மேடையேறியதில்லை. வீட்டிலும் கழற்றியதில்லை. குளிக்கும்போது கழற்றினார் என்பதற்கு வீட்டம்மாவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பொதுவாழ்க்கையின் தூய்மைக்கு அது அடையாளம் என்று மன்றத்தின் செயலாளர் ஒரு மலரில் எழுதினார். அடுத்த ஆண்டுவிழாவில் செயற்குழு முழுக்கக் கறுப்புச் சாக்ஸில் வந்து, வியர்த்து, கைதட்டியது.

வீட்டம்மாவுக்கும் அவருக்கும் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தம்மா சொல்லி முடித்த வாக்கியங்கள் குறைவு. வாயைத் திறந்து, "ஏங்க" என்று ஆரம்பித்தவுடன் தலைவரின் வலது உள்ளங்கை எழும்பும். இரு, நான் முடித்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அவர் முடித்ததாக வரலாறு இல்லை. அன்றைக்கும் விழாவுக்குக் கிளம்பி, சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உரைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஈரக்கையைத் துடைத்தபடி வந்த வீட்டம்மா, "ஏங்க, ஒரு நிமிஷம், உங்க" என்றார். கை எழும்பியது. எழும்பிய கையோடு தலைவர் இறந்துபோனார். கீழ்வீட்டு டாக்டர் வந்து நாடி பார்த்து, நேரம் எழுதி, அந்தக் கையை மடியில் இறக்கி வைத்தார். வில் கம்பி மாதிரி அது திரும்ப எழுந்து நின்றது. டாக்டர் இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு, இறப்புச் சான்றிதழில் "வலது கை உயர்ந்த நிலையில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்.

வேனும் பேனருமாகச் செயலாளர் வந்துசேர்ந்தபோது தெருவில் மணி பன்னிரண்டு. அவர் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அண்ணி, அண்ணனோட உறுதிமொழிப் படிவம் எங்க இருக்கு?" என்று கேட்டார். வீட்டம்மா மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். படிவ எண் ஒன்று. பெயர், வயசு, முகவரி எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தது. சாட்சிகள் இரண்டு பேரும் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் செயலாளரேதான். "என் உடலை, எந்தப் பாகத்தையும் விலக்காமல், முழுமையாக ஒப்படைக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேனாவை வைத்து வைத்து எடுத்த சின்னச் சின்ன மைப் புள்ளிகள் மட்டும் இருந்தன. கிட்டத்தட்ட நாற்பது புள்ளி இருக்கும்.

செயலாளர் சன்னல் வழியாகக் கீழே நின்ற வேனைப் பார்த்தார். பேனரை ஏற்கெனவே வேனில் கட்டியாகிவிட்டது. "தந்தான் தன்னையே" என்று இரண்டடி எழுத்தில் இருந்தது. அப்போதுதான், தானே நூறு மேடையில் ஒப்பித்த ஆறாவது பிரிவு அவருக்கு ஞாபகம் வந்தது. இறந்தவர் தருகிறேன் என்றும் எழுதவில்லை, தரமாட்டேன் என்றும் எழுதவில்லை என்றால், அந்த உடலைச் சட்டப்படி உடைமையில் வைத்திருப்பவர் ஆறு மணி நேரத்துக்குள் சம்மதம் தரலாம். தரும்வரை வேறு யாரும் அதை எடுத்துப்போகக் கூடாது.

"உடைமையில வச்சிருக்கிறவர்னா யாரு?" என்று வீட்டம்மா கேட்டார்.

"நீங்கதான் அண்ணி."

"இன்னொரு தடவை படிங்க."

அவர் படித்தார். வீட்டம்மா தலைவரைப் பார்த்தார். இத்தனை வருஷமாக மன்றத்துக்கும், மைக்குக்கும், மாலை போட வருகிறவர்களுக்கும் சொந்தமாயிருந்த மனிதர், சட்டப்படி இப்போது இவருடையவர். கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

"ஆறு மணி நேரம் இருக்குல்ல? யோசிச்சுச் சொல்றேன். போயிட்டு வாங்க தம்பி."

செயலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால். விநாடி முள் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிமிட முள் மட்டும் அசையவில்லை. நேரம் நிறைய இருப்பதாக நினைத்து அவர் போய்விட்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

வீட்டம்மா கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துத் தலைவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து தொடங்கினார். அன்றைக்கு அவர் முக்கால் மணி நேரம் பேசியதில் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டதைச் சொன்னார். ஒரு முழு வாக்கியம் முடிந்தது. உயர்ந்திருந்த கை ஒரு நூலளவு இறங்கியது. அந்தம்மா அதைக் கவனித்தார். உடம்பு சூடு ஆறாமல், கண் பாதி மூடி, தலையை லேசாக இந்தப் பக்கம் சாய்த்து, தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது அவருக்கு வராத வித்தை அது. கையெழுத்துப் போட்டால் கல்லூரி வண்டி வந்து எடுத்துப் போய்விடும், அப்புறம் சொல்வதற்கு ஆள் கிடையாது என்பது அந்தம்மாவுக்குத் தெரிந்தேயிருந்தது. அதனால் அவசரப்படவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. அதாவது வெளியே போயின. வாடகை வீட்டைத் தேடி அலைந்த கதை ஒரு மழைக்காலம் பிடித்தது. மகள் பிறந்த அன்று அவர் வெளியூரில் தாய்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த விவகாரம் இரண்டு வருஷம் ஓடியது. தெருவும் பழகிப்போனது. எதிர்வீட்டுக்காரி தக்காளியையும் பூவையும் கொண்டுவந்து அந்த வீட்டில் வைத்துவிட்டு, பல வாரம் கழித்து அன்று பறித்ததுபோல எடுத்துப் போனாள். மாடியிலே ஒரு பெரியவர் இறந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறார், சத்தம் போடாமல் வா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிவந்தாள். மின்வாரியத்து ஆள் நகராத மீட்டரைப் பார்த்து ஆரம்பத்தில் தட்டினான், பிறகு தட்டுவதை விட்டுவிட்டான். கடை கண்ணிக்குப் போய்வரும் நேரத்துக்கு மட்டும் வீட்டம்மாவுக்கு வயசு கூடியது. பதினோரு வருஷத்தில் எல்லாம் சேர்த்து ஏழெட்டு மாசம் தேறும்.

கல்லூரியின் உடற்கூறுத் துறைப் பதிவேட்டுக்காரர் வருஷம் ஒரு தடவை சோதனைக்கு வந்தார். தலைவருக்கென்று மூன்றாம் எண் மேசையை ஒதுக்கி, பெயர்ப் பலகையும் வைத்திருந்தார்கள். அவர் தலைவரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், சூடாக இருக்கும். கடிகாரத்தைப் பார்ப்பார். "காலக்கெடு முடியவில்லை" என்று எழுதிக்கொள்வார். அந்த வீட்டில் இருக்கும்வரை தன் முழங்கால் வலி கூடுவதில்லை என்று கண்டுபிடித்தபின் சோதனை நீண்டுகொண்டே போனது.

"டீ குடிக்கிறீங்களா? பால் இன்னும் பொங்கி முடியல. கறுப்பு டீதான்."

"போன வருஷமும் அதானேம்மா குடிச்சேன். போடுங்க."

செயலாளரோ படிவம் மாறும்போதெல்லாம் வந்தார். வெள்ளைப் படிவம் போய் ரோஜா நிறம் வந்தது, அது போய்ப் பச்சை வந்தது. சட்டத்தில் மூன்று திருத்தம். செயலாளர் தலையில் கறுப்பு போய் வெள்ளை. ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும், தலைவர் கொடையின் வாசற்படியில் வீற்றிருப்பதாக அவர் முழங்கிவந்தார். படிவ எண் ஒன்று காலி என்பது மட்டும் அவருக்கும் வீட்டம்மாவுக்கும் இடையில் இருந்தது. இதற்கிடையில் மன்றம் இரண்டாகப் பிளந்தது. சாக்ஸ் கொள்கையா வழக்கமா என்பதுதான் பிரச்சினை. கொள்கை என்றவர்கள் ஒரு பக்கமும் புழுக்கம் என்றவர்கள் ஒரு பக்கமும் போய்விட்டார்கள்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். அப்பா இறந்தபோது அவளுக்கு முப்பத்தாறு. நெருங்கிய உறவினர் என்ற முறையில் ஆட்சேபணை இல்லை என்று முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள்.

"அம்மா, அங்க இன்னும் செவ்வாக்கிழமையா?"

"ஆமாடி. உனக்கு என்ன கிழமை?"

"இப்படியே போனா இன்னும் பதிமூணு வருஷத்துல நீயும் நானும் ஒரே வயசு. அதுக்கப்புறம் யார் யாரை வாடி போடின்னு கூப்பிடறது?"

"நீயே கூப்பிட்டுக்க. உங்கப்பா கூப்பிட்டாலே எனக்கு 'இந்தா'ன்னுதான் பேரு."

மறுமுனையில் மகள் சிரித்தாள். "எனக்கு மூக்குக்கண்ணாடி வந்துடுச்சும்மா" என்றாள். வீட்டம்மா போனை வைத்துவிட்டு வந்து, அன்றைக்கு மட்டும் தலைவரிடம் வேகமாகப் பேசினார்.

பதினோராம் வருஷம் கதை தானாக அந்தக் காலைக்கு வந்துசேர்ந்தது. மீதி எதுவும் இல்லை. சண்டைகள் தீர்ந்துவிட்டன; ஒன்றிரண்டில் தன் மேலும் தப்பு இருந்ததை வீட்டம்மா ஒப்புக்கொண்டார். கை மடிக்கு இரண்டு விரல் உயரத்தில் நின்றது. அந்தம்மா எழுந்து, ஈரக்கையைத் துடைத்துக்கொள்வதுபோலத் துடைத்துக்கொண்டு, அன்று நின்ற இடத்திலேயே போய் நின்றார்.

"ஏங்க, ஒரு நிமிஷம், உங்க இடது சாக்ஸ்ல ஓட்டை. கட்டை விரல் வெளிய தெரியுது. மேடைல அசிங்கமா இருக்கும், மாத்திட்டுப் போங்க."

கை மடியில் அமர்ந்தது. கடிகாரத்தில் பத்து நாற்பத்தொன்று ஆனது. சமையலறையில் பால் பொங்கி வழிந்தது.

அந்தம்மா அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்துவிட்டு, ஊசியும் கறுப்பு நூலும் எடுத்துவந்தார். சாக்ஸை மெதுவாகக் கழற்றி, ஓட்டையைத் தைத்து, உள்ளங்காலில் தன் விரல் பட்டுவிடாமல் ரொம்பக் கவனமாகத் திரும்ப மாட்டிவிட்டார். பிறகு ஒரு நிமிஷம் அந்தக் காலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம்தான் செயலாளருக்குப் போன் செய்தார்.

பச்சைப் படிவத்தில் வீட்டம்மா கையெழுத்துப் போட்டபோது சுவரில் பதினொன்று பத்து. குறிப்பு என்றிருந்த கட்டத்தில், இடது கால் சாக்ஸைக் கழற்ற வேண்டாம் என்று எழுதினார். அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்த பதிவேட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"நிபந்தனை வைக்கக் கூடாதும்மா. விதி பதினாலு. எந்தப் பாகத்தையும் விலக்காமத்தான் வாங்கணும்."

"அவருக்கும் அந்த வரிகிட்டதான் பேனா நின்னுச்சு. நான் சொல்லிட்டேன். இனி உங்க பாடு."

அவர் அளவுகோல் வைத்து அந்தக் குறிப்பை நேராக அடித்தார். தலைவரின் கண்கள் இரண்டும் ஆறு மணி நேரக் கெடுவுக்குள்ளேயே கண் வங்கிக்குப் போயின. அவற்றைப் பெற்றுக்கொண்ட இருவரும் நன்றாகப் படிக்கிறார்கள். வேறு அதிசயம் எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை. கணவர் இறந்த அரை மணி நேரத்தில் கலங்காமல் கையெழுத்திட்ட வீரப்பெண் என்று பத்திரிகைகள் எழுதின. சான்றிதழும் படிவமும் அப்படித்தான் காட்டின. பிளந்த மன்றம் இரண்டும் சேர்ந்து பாராட்டு விழா எடுத்து, மைக்கை அந்தம்மா கையில் கொடுத்தன. "நான் பேச வேண்டியதெல்லாம் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். மன்றத்தின் வரலாற்றில் அதுவே மிகச் சுருக்கமான உரை. கைதட்டல் அதைவிட நீளம். அந்த வீட்டிலும் ஒருவழியாகப் புதன்கிழமை வந்தது. வீட்டம்மா மகளின் ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்தார்.

கல்லூரியில் முதல் வகுப்பன்று பேராசிரியர் தலைவரின் பொதுத்தொண்டு பற்றி இருபது நிமிடம் பேசி, மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லி மௌன அஞ்சலி செய்தார். பிறகு விதிப்படி சாக்ஸைக் கழற்றினார்கள். ஒரு மாணவி இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மூன்றாம் எண் மேசையிலிருந்து, எந்த மேடையிலும் யாரும் கேட்டிராத மெல்லிய குரலில், அடக்க மாட்டாத சிரிப்பு கிளம்பியது. விட்டால் நின்றது, தொட்டால் மறுபடி வந்தது. துறைக் கூட்டம் கூடிச் சட்டத்தைப் புரட்டினார்கள். சிரிக்கும் கொடையாளரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கடைசியில் பதிவேட்டுக்காரர் வீட்டம்மாவுக்குப் போன் செய்து, பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பேனாவைத் திறந்து எழுதினார்: மேசை மூன்று. இடது உள்ளங்கால் பாடத்துக்கு உதவாது. கிச்சுகிச்சு.