ஒலி அடக்கிய தடம்

...தேதியைப் பின்னுக்குத் தள்ளினால்தான் திறக்கும் என்று அந்தக் கணினி பழுதுபார்ப்பவர் சொன்னது சரிதான், பாட்டுப்பதிவு மென்பொருளின் உரிமம் என்றைக்கோ காலாவதியாகிவிட்டது, அதை ஏமாற்ற வேண்டுமானால் கணினியின் நாட்காட்டியைப் பிடித்துப் பின்னே இழுக்க வேண்டும், இழுத்தாள், ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, ஏழு ஆண்டு... திரையின் மூலையில் இப்போது நிற்கும் தேதியில் தம்பி உயிரோடு இருக்கிறான். கொஞ்சம் இரைச்சலோடு குளிர்விசிறி சுழல்கிறது, சாளரத்துக்கு வெளியே பிற்பகல் வெயில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது, உலகத்தில் எதுவும் மாறவில்லை, மூலையில் இருக்கிற அந்த எண் மட்டும் அவனுக்கு உயிர் கொடுத்துவிட்டு ஒன்றும் அறியாததுபோல் ஒளிர்கிறது. எந்திரத்துக்கு இது விரல் நுனி வேலை, மனிதப் பிறவிக்கு மட்டும் ஏன் இந்தக் கதவு அடைத்தே கிடக்கிறது? "கெழடுதாங்க, ஆனா உசுரு இருக்கு, மூச்சுதான் வாங்கும், வெரட்டாதீங்க" என்று காலையில் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகும்போது அந்த மனிதர் கேட்டார், "அப்படி என்ன பொதையலுங்க இதுக்குள்ள? உங்க தம்பி பாட்டுதான் எல்லார் போன்லயும் இருக்கே." இருக்கிறது ஐயா, இருக்கிறது, பாட்டு ஊரெல்லாம் இருக்கிறது, பாட்டு யாருக்கு வேண்டும்?

வேண்டியது பேச்சு. அவன் பேசிய பேச்சு, ஒரே ஒரு வாக்கியம். "ஒரு வாக்கியம் போதும் அண்ணி" என்றுதான் தம்பியின் மனைவி கேட்டாள், கேட்டவள் இதோ பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் மகள், ஆறு வயதுக் குருவி, பெயர்தான் குருவி, பள்ளிக்கூடத்தில் அது வாய் திறந்து ஒரு மாதமாகிறது. திக்குகிறது. முதல் எழுத்து தொண்டையில் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது, உடன் படிக்கிற பிள்ளைகள் அதைப்போலவே பேசிக்காட்டிச் சிரிக்கிறார்கள், வகுப்பாசிரியை அன்போடுதான் சொன்னாராம், பாவம், மேடையில் நிறுத்திக் குழந்தையை வருத்த வேண்டாம் என்று. அன்பாம்! நா வழுக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு மேடை, நா தடுக்குகிறவனுக்கு மூலை, பொய்யை மளமளவென்று சொன்னால் அது நாவன்மை, மெய்யைத் திக்கிச் சொன்னால் அது நகைப்பு, எந்த நீதிமன்றத்தில் எழுதிய தீர்ப்பு இது, எந்த வழக்குரைஞர் வாதாடினார் இந்தக் குழந்தைக்காக? உங்கப்பாவும் இப்படித்தான்டி பேசுவார், ஆயிரம் பேர் முன்னால் பாடினவர் அவர், என்று தாய் சொல்லிப் பார்த்தாள். குருவி நம்பவில்லை. "பொ... பொய். பாட்டுல அப்பா தி... திக்கவே இல்ல." எப்படி நம்பும்? அவன் போனபோது அது கைக்குழந்தை, பாடும்போது அவனுக்குத் திக்கியதே இல்லை, பாட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போகும், பேச்சுதான் கீழே போட்டுவிடும். கேமராவைக் கண்டால் ஓடுவான், போனில் பேசமாட்டான், அவன் பேச்சு உலகில் எங்காவது மிஞ்சியிருந்தால் அது அக்காவாகிய இவளே பதிவுசெய்த இந்தப் பாட்டின் மூலக் கோப்பில்தான், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், அவன் மைக்கின் முன்னால் நின்று அக்காவிடம் ஏதாவது சொன்ன அந்த இடைவெளிகளில்தான்...

திறந்துவிட்டது. வண்ண வண்ணக் கட்டங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாகத் தடங்கள், தாளம், தந்தி, குழல், நடுவில் நீல நிறத்தில் அவன் குரல், ஒலி அலைகள் மேடும் பள்ளமுமாய், எந்த மேடு எந்தச் சொல் என்று அவளால் கண்ணாலேயே படிக்க முடியும், படித்தாள், இதோ அவன் உச்சத்துக்கு ஏறிய இடம், இதோ குழைந்து இறங்கிய இடம். கட்டத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் வெட்டி மறைத்த பகுதி விரியும், அதுதான் இந்தத் தொழிலின் வசதி, வெட்டியது எதுவும் சாவதில்லை, மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். இழுத்தாள். விரியவில்லை. அடுத்த கட்டத்தை இழுத்தாள், அதுவும் கல்லாக நின்றது, ஏன், ஏன் விரியவில்லை... ஐயோ. கடைசி நாள். வேலை முடிந்த மகிழ்ச்சியில் அவளே அந்தக் கட்டளையை அழுத்தினாள், பயன்படுத்தாத ஒலி அனைத்தையும் நீக்கு, உறுதியா என்று மென்பொருள் கேட்டது, உறுதி என்றாள். வேலை முடிந்தால் பட்டறையைப் பெருக்கிவிட்டுப் போவதுதானே நல்ல தொழிலாளிக்கு இலக்கணம்? இவள் பதிவில் ஒரு தூசு இருக்காது என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்லும்போது தலை நிமிர்ந்ததே, அந்தத் தூசு எது? அவன் பேசியதுதான் தூசு. துடைப்பத்தை எடுத்துத் தம்பியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, அறை பளிச்சென்று இருக்கிறது பார் என்று நின்றிருக்கிறாள்.

"என்ன அண்ணி, இருக்கா?"

"பாக்குறேன், இரு."

மவுஸ் கீழே கீழே போயிற்று, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாம்பல் நிறத் தடம், ஒலி அடக்கி வைத்தது, இது என்ன? ஓ, இவள் அறை மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாடகனோடு பேசுவதற்காக மேசைமேல் வைத்துக்கொள்வது, அதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அன்றைக்கு மறந்துபோய் அதுவும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, பிறகு பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு ஒலியை மட்டும் அடக்கி அப்படியே விட்டிருக்கிறாள். ஒலி அடக்கிய தடத்தை அந்த நீக்கும் கட்டளை தொடாது! இவள் அறை ஒலிபெருக்கியில் வந்த அவன் குரலும் சன்னமாக அதில் விழுந்திருக்க வேண்டும், விழாமல் போகாது, அடக்கத்தை நீக்கினாள்.

தன் குரல். எத்தனை உரத்த குரல், எத்தனை உறுதியான குரல், கொஞ்சம் தள்ளி நில்லு, ரெண்டாவது வரி இழுக்குது, கைய ஆட்டாதடா... பிறகு, தொலைவிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்,

"அக்கா, ந... ந... ந..."

"நல்லா வரலையா? விடு, அடுத்த வரிக்குப் போ."

குருவி மடியிலிருந்து குதித்தே விட்டது. "அ... அம்மா! அ... அப்பா! என்னை மா... மாதிரியே!" அந்த முகத்தில் ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம், மேசையை இரு கையாலும் தட்டுகிறது, திக்கல் ஒரு சொத்துப்போல, தகப்பன் எழுதி வைத்துவிட்டுப்போன வீடுபோல. தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் போடு, இன்னும் போடு என்றது குழந்தை, போட்டாள், தேடித் தேடிப் போட்டாள்.

"இ... இ..."

"இன்னொரு தடவையா? சரி, பாடுடா."

"அக்கா, த... த..."

"தண்ணிதானே? பக்கத்துலயே இருக்கு பாரு, கண்ணு எங்க இருக்கு?"

பாட்டு. மறுபடியும் ஒரு தொடக்கம், மறுபடியும் இவள் முடிப்பு, மறுபடியும் பாட்டு. தடத்தின் கடைசிவரை ஓட்டிவிட்டாள். அவன் தொடங்காமல் இல்லை, தொடங்கிக்கொண்டே இருந்தான், முடித்ததெல்லாம் இவள், ஒரு வாக்கியம், ஒரே ஒரு முழு வாக்கியம் அவனுக்கென்று அந்தத் தடத்தில் இல்லை. அவனுக்கு நான்தான் நாக்கு என்று எத்தனை வீட்டில், எத்தனை கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் அவனுக்காகப் பேசினாள், கடையில் அவனுக்காகக் கேட்டாள், பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, பிடிச்சிருக்குன்னு சொல்றான், என்று இவள்தான் சொன்னாள். ஊமைக்கு வாயாக இருப்பது அறம்தான், அவன் ஊமையா?

"முடிக்கவே விடலையே அண்ணி நீங்க" என்றாள் தம்பி மனைவி. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது, அப்படி இருந்தாலாவது எதிர்த்துப் பேசலாம், அவள் திரையைப் பார்த்து ஏதோ நினைவில் சிரிக்கிறாள். "எங்கிட்ட முழுசா சொல்லிருவாரு. நேரமாகும், அவ்வளவுதான். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலும் நான் நகர மாட்டேன். ஒரு நாள் பால்பாத்திரம் தீஞ்சே போச்சு... சொல்ல வந்தது என்னன்னு பாத்தா, பால் பொங்குதுன்னு!"

குருவி கலகலவென்று சிரித்தது. இவளுக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதி வழியில் நின்றது. குழந்தை கட்டைவிரலால் திரையைத் தொட்டுக் கேட்டது, "அத்தை, அப்பா த... தண்ணி குடிச்சாரா?"

குடிச்சாரும்மா என்று சொல்ல வாயெடுத்தவள் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், தன் குரலின் மலை முடிந்ததும் ஒரு தட்டைக் கோடு, மூடி திறந்த சிறு கீறல் இல்லை, புட்டியை வைத்த தட்டல் இல்லை, வெறும் கோடு, அதன் முடிவில் அவன் பாடத் தொடங்கிவிடுகிறான், சொன்ன பிள்ளையாக, அடுத்த வரியை. தண்ணீர் இல்லையென்றால் அந்தத் 'த' எதற்கு? தப்பு என்றா, தலை வலிக்கிறது என்றா, தள்ளிப்போடலாம் என்றா... நான் சொன்னதை ஒருநாளும் அவன் மறுத்ததில்லையே என்றுதானே இவ்வளவு காலமும் நம்பினாள், மறுக்காததால் சரி என்று. ஆனால் ஒப்புக்கொள்ளச் சும்மா இருந்தால் போதும், அக்கா, அது இல்லை, நான் சொல்ல வந்தது வேறு, என்று சொல்லவோ அவன் மறுபடியும் அதே எழுத்தின் வாசலில் போய்த் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும்... அப்படியானால் எதை அவன் ஒப்புக்கொண்டான், எங்கெல்லாம் சலித்துப்போய்ச் சும்மா இருந்தான், பெண் பார்த்த அன்றைக்கு, பாட்டுத்தான் உனக்கு என்று இவள் முடிவுகட்டிய அன்றைக்கு? குழந்தை பதிலுக்குக் காத்திருக்கிறது, இவளுடைய உதடு ஏதோ ஓர் எழுத்தில் நிற்கிறது, பக்கத்தில் இருவர் இருக்கிறார்கள், யாரும் அதை முடித்துக் கொடுக்கவில்லை.