அரை வீடு

பலகையில் கல் வைத்து யார் அதிகக் காலி இடத்தை, அதாவது வீட்டை, வளைத்தார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். அவ்வளவுதான் பாதுக் ஆட்டம். இந்த அவ்வளவுதானுக்காக என் தம்பி தேக்ஜூ பள்ளிக்கூடத்தை விட்டான். குன்சானில் அப்பாவையும் அம்மாவையும் விட்டுவிட்டு சியோலில் ஒரு பயிற்சிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். சாப்பிடும்போதும் புதிர்ப் புத்தகம், கக்கூஸிலும் புதிர்ப் புத்தகம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இவனுக்குக் கல்லை எடுத்து எடுத்து ஆள்காட்டி விரல் நகம்தான் தேய்ந்தது.

நானும் அவனோடு சேர்ந்து கற்றவள்தான். சோம்பேறி என்று சீக்கிரமே துரத்திவிட்டார்கள். இப்போது செருப்புக் கடையில் வேலை. ஆனாலும் வீடு எண்ண மட்டும் மறக்கவில்லை, அது என் தலைவிதி.

அன்றைய ஆட்டத்தில் ஜெயிப்பவனுக்குத் தொழில்முறை ஆட்டக்காரன் என்ற பட்டம். தோற்றால் தேக்ஜூவுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. மறுவாரம் அவனுக்கு வயது வரம்பு தாண்டுகிறது. பயிற்சிக்கூடச் சுவரில் ‘உழைப்பு ஒருநாளும் துரோகம் செய்யாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர் எந்த வயது வரம்பையும் பார்த்திராத புண்ணியவானாக இருக்க வேண்டும்.

உள்ளே போகும் முன் தாழ்வாரத்தில் தேக்ஜூ என் காதைக் கடித்தான்.

“அக்கா, அம்மாவ மேல விடாத. அவங்க மூச்சு விடுறது எனக்குக் கேக்கும்.”

“என் மூச்சு கேக்காதா?”

“நீ மூச்சு விட்டா தூங்குறேன்னு அர்த்தம். அது பழகிப்போச்சு.”

ஆட்டத்துக்காகக் குன்சானிலிருந்து வந்திருந்த அம்மா கீழே படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பரீட்சைக்குப் போகிறவனுக்கு ராசி என்று வாங்கிய எள் மிட்டாய் அவள் மடியில் இருந்தது.

எதிராளி மா இன்சோ. பதின்மூன்று வயது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. நேற்று முளைத்த காளான் என்று திட்டத்தான் வாய் வருகிறது, ஆனால் பிறவி ஆட்டக்காரன். வீட்டில் பயிற்சி செய்கிறாயா என்று யாரோ கேட்டதற்கு, “நாய்க்குட்டி விட மாட்டேங்குது” என்றானாம்.

வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளை தோற்றதாக அறிவித்துவிடுவார்கள்.

தேக்ஜூவுக்குக் கறுப்புக் கல். கறுப்பு முதலில் ஆடுவதால் வெள்ளைக்கு ஆறரை வீடு இனாம். அந்த அரையால் சமன் என்பதே கிடையாது. சாயங்காலத்துக்குள் பெரிய சண்டையெல்லாம் ஓய்ந்து, ஓரஞ்சாரத்தை அடைக்கும் சின்னக் கல் மட்டும் மிச்சம். எண்ணினேன். அரை வீடு தம்பி பக்கம். பதறிப்போய் மறுபடி எண்ணினேன். அதே அரை வீடு. எனக்கு உட்கார்ந்து அழவேண்டும் போல் அத்தனை சந்தோஷம்.

இன்சோவும் எண்ணியிருக்க வேண்டும். கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டான்.

தேக்ஜூவின் நேரம் தீர, கடிகாரத்தம்மா நொடியை உரக்கச் சொல்லத் தொடங்கினாள். தேக்ஜூ உதடு அசைய எண்ணினான். எண்ணி முடித்ததும் அவன் முகம் வெளுத்தது. ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. மெத்தனம் வரக்கூடாது என்று பயிற்சிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு: உன் வீட்டை ஒன்று குறைத்து எண்ணு. என்னைப் போன்ற சோம்பேறிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் வருஷக்கணக்காக அப்படியே எண்ணி எண்ணி அதை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டான். இந்தக் கடைசிக் கணக்கிலும் தன்னை அறியாமல் ஒன்றைக் கழித்துவிட்டான்.

கை கிண்ணத்துக்குள் போனது. வெளியே வந்தபோது விரல்களில் இரண்டு கல். ஒரு கல் எடுத்தால் ஆட்டம். இரண்டு எடுத்தால் தோல்வியை ஒப்புக்கொள்வது.

கத்தினால் தோற்றான். கத்தாவிட்டாலும் தோற்றான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கல்லையும் பலகை ஓரத்தில் வைத்துவிட்டுக் குனிந்து வணங்கினான்.

அதோடு எழுந்து வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் முதல் கல்லிலிருந்து மறுபடி வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

“தேக்ஜூ, போதும் வாடா. அம்மா காத்துக்கிட்டிருக்காங்க.”

“இரு அக்கா. தோத்தவன் பாதியில எந்திரிச்சுப் போனா மரியாதையா?”

“அண்ணா, வேணாமே” என்றான் இன்சோ. “எனக்குப் பசிக்குது.”

“கொஞ்ச நேரம்தாண்டா. நான் எங்க தப்புப் பண்ணேன்னு தெரிய வேணாமா?”

இன்சோ என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் கலைந்தது. ஒரு கல் மாறாமல் முழு ஆட்டமும் பலகைக்குத் திரும்பி வந்தது. நடுநடுவே, “இது நல்ல எடம்டா, எப்படித் தோணுச்சு?” என்று சின்னவனைப் பாராட்டினான் என் தம்பி. அவனை ஓங்கி அறையலாம் போல் இருந்தது.

கடைசிக் கல்லும் வந்தது. “இதுக்கு மேல எனக்கு வழியில்ல. எங்க விட்டேன்?”

இன்சோவின் கண் கலங்கிவிட்டது. “எங்கயும் விடல அண்ணா. நான்தான் ரெண்டு கல்ல வைக்கலாம்னு இருந்தேன். நீங்க முந்திட்டீங்க.”

தேக்ஜூ சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. மிச்சக் கல்லையெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் தானே வைத்தான். வீடுகளை எண்ணுவதற்கு வாகாகப் பத்துப் பத்தாக ஒழுங்குபடுத்தினான்.

“அரை வீடு” என்றான். “நீ எண்ணினியா அக்கா?”

“எண்ணினேன்.”

“அப்ப என் ஆட்டம் சரியாத்தான் இருந்துச்சா?”

“சரியாத்தாண்டா இருந்துச்சு.”

அதற்குள் அம்மா பொறுக்கமாட்டாமல் மேலே வந்துவிட்டாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது. அடுக்கி வைத்த வீடுகளை எண்ண மட்டும் மகனுக்காகக் கற்று வைத்திருந்தாள். பலகை மேல் குனிந்து, “நம்ம புள்ள கறுப்புதானே?” என்றாள். விரலை மடக்கி எண்ணி ஆறரையைக் கழித்தாள். மறுபடி கழித்தாள்.

“ஜெயிச்சுட்டான்! அடியே, என் புள்ள ஜெயிச்சுட்டான்!”

அவனை இழுத்து அணைத்தாள். தேய்ந்த விரலை எடுத்து முத்தமிட்டாள். அழுதுகொண்டு நின்ற இன்சோவைப் பார்த்து, “அழாத கண்ணு, நீ சின்னப் பையன், அடுத்த வருஷம் ஜெயிப்ப” என்று மிட்டாயை அவன் கையில் திணித்தாள். பிறகு போனை எடுத்துக் குன்சானுக்கு, அப்பாவுக்குப் போட்டாள்.

தேக்ஜூ அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். இப்போது நான் பேசலாம், தடையில்லை. மறுமுனையில் அப்பா, “ஹலோ, என்னாச்சு?” என்பது எனக்கே கேட்டது.