உப்புத்தொட்டிக்கு ஒரு ஷாப்ட்

மண்டபம் ஐஸ் கம்பெனியின் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் துடுப்பைச் சுழற்றும் ஷாப்ட், அந்த மாதம் இரண்டாம் தடவையாக ஒடிந்தது. துடுப்பு நின்றால் குளிர் பரவாது, ஐஸ் கட்டாது, கரையில் வந்திறங்கும் இறால் நாறும்.

"இன்னொரு தடவை ஒடிஞ்சா ஒனக்கு இங்கன வேலை இல்ல. மதுரை பிட்டருக்குக் கடுதாசி போட்டாச்சு" என்றார் முதலாளி சீனி முகம்மது. கையோடு ஒரு லாரி அச்சும் வாங்கி வந்திருந்தார். "அரமே வழுக்குற கெட்டி இரும்பு, பாரு. இதைக் கடைஞ்சு போடு."

கம்பெனி பிட்டர் இருளாண்டி ஒடிந்த ஷாப்ட்டின் வாயைத் திருப்பிக் காட்டினான். எங்கும் வளைந்த தடமில்லை. உடைத்த கற்கண்டு மாதிரி மினுங்கியது.

"இதுவும் அப்படி வழுக்குன இரும்புதான் மொதலாளி. வெயில்ல ஓடுற லாரிக்குச் சரி. இங்கன பூஜ்யத்துக்குக் கீழ பதினஞ்சு டிகிரியில கெடந்தா கண்ணாடி மாதிரி ஒடிஞ்சிரும். கரையேத்திப் போட்ட ஒங்க லாஞ்சுப் படகோட வெங்கல ஷாப்ட்டக் குடுங்க."

"எங்க வாப்பா வாங்குன லாஞ்சுலே அது!"

ஐஸ் உடைக்கிற முத்தழகு சிரித்தாள். "அண்ணனுக்கு மூளையும் ஒறஞ்சு போச்சு."

இருளாண்டி ரம்பத்தை எடுத்தான். அச்சின் நுனியில் ஒரு சாண், லாஞ்சு ஷாப்ட்டின் நுனியில் ஒரு சாண் அறுத்தெடுத்தான். இரண்டிலும் ரம்பத்தால் ஒரே ஆழத்துக்கு வெட்டுப் போட்டு, காலையிலேயே உப்புத்தண்ணீரில் தொங்கவிட்டான். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த முதலாளியிடம் சம்மட்டியை நீட்டினான்.

"நீங்களே அடிங்க."

அச்சுத் துண்டை அவன் வைஸில் இறுக்கியதும் முதலாளி ஓங்கி ஒரு போடு போட்டார். டணங்கென்று ஒடிந்த பாதி, முத்தழகின் காதோரம் பறந்து ஐஸ் குவியலில் செருகி நின்றது.

"ஆத்தாடி! ஷாப்ட்டுக்குப் பதிலா என்னய ஒடிக்கவா பாத்தீக?"

அடுத்தது வெண்கலம். ஐந்து அடிக்கு அரிவாள் மாதிரி வளைந்ததே தவிர ஒடியவில்லை. ஆறாவதுக்கு முதலாளியின் தோள் விட்டுப்போயிற்று. சம்மட்டியைக் கீழே போட்டார்.

"போயிக் கழத்துலே. வாப்பா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மறுநாள் துடுப்பு சுற்றியது. வாரம் முழுக்கச் சுற்றியது. எட்டாம் நாள், ஆயுதப் பெட்டியோடு மதுரை பிட்டர் ரயிலில் வந்து இறங்கினார். முதலாளி அவருக்கு வயிறார மீனும் சோறும் போட்டு, வேலை ஒன்றும் இல்லை என்றார்.

பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு முன்னால் நடந்தவன் இருளாண்டி. ரயில் பார்வையிலிருந்து மறைந்த பிறகுதான் அவன் திரும்பினான்.