டயருக்கு மெருகு போட்ட மாமனார்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. இத்தனை பெரிய வண்டி எதைப் பிடித்துக்கொண்டு சாலையில் நிற்கிறது? பஞ்சர் கடைக்காரரைக் கேட்டேன்.

"உள்ளங்கையைத் தரையில வைங்க சார். ஒரு டயர் ரோட்டைத் தொடுறது ஏறக்குறைய அவ்வளவுதான். ரோட்டோட சொரசொரப்புக்குள்ள ரப்பர் அமுங்கிப் பிடிச்சுக்கும். நடுவுல எண்ணெய் வந்தா பிடி போச்சு."

கடவுள் மனிதருக்குக் கொடுத்திருக்கும் பிடிமானமும் அதே அளவுதான் என்று...

(நிறுத்திவிட்டேன். முதல் பத்தியிலேயே உபதேசம் வேண்டாம்.)

2

பள்ளி வேன் ஓட்டுநரின் மாமனார், அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. உதவப்போய் ஒரு குழாயை உடைத்தார். இஸ்திரிப்பெட்டியைப் புகைய வைத்தார்.

"அப்பா, நீங்க சும்மா இருக்கிறதே பெரிய உதவி," என்றாள் மகள்.

அன்று காலை, மருமகன் குளிக்கப் போன நேரத்தில், வேனின் டயர்களுக்கு மெருகெண்ணெய் போட்டார். பக்கங்களில் மட்டுமல்ல, சாலையில் உருளும் பகுதியிலும், கோடு கோடாக, ஒன்று விடாமல்.

(என் மனைவி படித்துவிட்டுக் கேட்கிறாள்: "பிழை திருத்துறவரு புட்டியில இருக்கிறதைப் படிக்காமயா போடுவாரு?" நியாயம்தான். அவருடைய மூக்குக்கண்ணாடி வேறொரு சட்டைப்பையில் இருந்தது.)

3

பூசி முடித்த பிறகு கண்ணாடி வந்தது. புட்டியைப் படித்தார்: 'பக்கங்களுக்கு மட்டும். தரையைத் தொடும் பகுதியில் பூசினால் வழுக்கும்.'

அதற்குள் மருமகன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்துவிட்டான். தெருக்கோடி இறக்கத்தின் அடியில் பதினோரு பிள்ளைகள் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"அடேங்கப்பா! மாமா, உங்க வேலையா? வேற வீட்டு வண்டியோன்னு பார்த்தேன்!"

மூன்று மாதத்தில் கிடைத்த முதல் பாராட்டு. உண்மையைச் சொன்னால் அது போய்விடும்.

4

முதல் முடிவு: மாமனார் வாய் திறக்கவில்லை. வேன் இறக்கத்தில்...

இல்லை. பிள்ளைகளை வைத்துக் கதைக்கு விறுவிறுப்பு ஏற்றிவிட்டு, எந்த முகத்தோடு நான் சாமி கும்பிடுவேன்?

இரண்டாம் முடிவு: திடீர் மழை எண்ணெயைக் கழுவிவிடுகிறது. (பஞ்சர் கடைக்காரர் சிரிப்பார்.)

ஆகவே, மருமகன் ஏறி உட்கார்ந்ததும் மாமனார் வேனுக்கு முன்னால் போய் நின்றார்.

"எடுக்காதீங்க மாப்பிள்ளை. தப்புப் பண்ணிட்டேன். ரோட்டைத் தொடுற இடத்துலயும் பூசிட்டேன். வழுக்கிடும்."

மருமகன் இறங்கினான். டயரைத் தடவினான். விரலைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

5

வேனை நான் நிறுத்திக் கொடுத்துவிட்டேன். அவன் வாயிலிருந்து வரப்போகும் முதல் வார்த்தை உங்கள் பொறுப்பு. நல்லதாகப் பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாகவும்: பெரியவர் சோப்பும் துணியுமாக நிற்கிறார், நான்கு டயரையும் தேய்த்தாக வேண்டும், பிள்ளைகளுக்கு மணி அடித்துவிடும்.